குறைத்துக் கேட்டால்தான் கிடைக்கும்: இயற்கைப் பாதுகாப்பு ஏலத்தில் இரண்டு முறை

இரண்டு முறை கேட்டேன். முதல் முறை கிடைக்கவில்லை, இரண்டாவது முறை கிடைத்தது, ஒப்பந்தம் இப்போது பாதித் தூரம் வந்திருக்கிறது. நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விடாமல் வேலி போட்டு, களை பிடுங்கி, ஓடைக்கரையையும் மரங்களையும் பார்த்துக்கொண்டால் பணம் தருவோம், ஆனால் எவ்வளவு வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னால் என்னென்ன சந்தேகம் வருமோ அத்தனையும் எனக்கும் வந்தது. அப்போது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன். யார் நடத்திய ஏலம் என்று சொல்லப்போவதில்லை, முறையைப் பற்றித்தான் பேச்சு. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கொடுக்காத ஒன்றரையைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான ஏலத்தில் பொருள் ஒன்று, வாங்க நிற்பவர்கள் பல பேர், விலை ஏறிக்கொண்டே போகும். இதில் வாங்குபவர் ஒருவர்தான்: அரசுத் துறை, அறக்கட்டளை, சில இடங்களில் குடிநீர் நிறுவனம். விற்க வரிசையில் நிற்பது நாம், அதனால் விலை இறங்கும். தலைகீழ் ஏலம் என்கிறார்கள், நடைமுறையில் பார்த்தால் டெண்டர்தான். மூடிய உறையில் தொகையை எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் தொகையை மட்டும் பார்க்காமல், அந்தத் தொகைக்கு இயற்கைக்கு எவ்வளவு நன்மை வருகிறது என்று கணக்குப் போட்டு, ஒரு ரூபாய்க்கு அதிக நன்மை தருகிற நிலத்திலிருந்து ஆரம்பித்து, கையில் உள்ள பணம் தீரும் வரை எடுத்துக்கொண்டே போகிறார்கள்.

ஏன் இந்தச் சுற்றிவளைப்பு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துவிட்டால் என்ன என்றுதான் நானும் முதலில் கேட்டேன். விஷயம் இதுதான்: ஒரு நிலத்தைச் சும்மா விடுவதால் எவ்வளவு நஷ்டம் என்பது அந்த நிலத்துக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பாறையும் சரிவுமாகக் கிடக்கிற மூலையை விடுவதற்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் போகாது, பக்கத்து நிலத்துக்காரருக்கு அதே அளவு இடம் நல்ல மேய்ச்சல் நிலமாக இருக்கலாம். ஒரே விலை வைத்தால் எனக்கு அள்ளிக் கொடுத்ததாக ஆகும், அவர் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார். நேரில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டோம். ஏலத்தில் மட்டும், கூட்டிக் கேட்டால் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம் கொஞ்சம் உண்மையைப் பேச வைக்கிறது.

இதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001இல் சோதனையாக நடத்திய புஷ்டெண்டர் என்கிற ஏலம். கையில் இருந்தது 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கிட்டத்தட்ட நூறு நிலத்துக்காரர்கள் கேட்டார்கள், அதில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைத்தது. அதே அளவு இயற்கைப் பாதுகாப்பை ஒரே விலை வைத்து வாங்கியிருந்தால் சுமார் 27 லட்சம் டாலர் ஆகியிருக்கும் என்று அதை வடிவமைத்த பொருளாதார நிபுணர்களே பின்னால் கணக்கிட்டார்கள். ஏழு மடங்கு மிச்சம் என்று எங்கே பார்த்தாலும் இதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் அதே கணக்கை மாற்றிப் போட்டு, அந்த 4 லட்சத்தையே ஒரே விலையில் செலவழித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்தால், வித்தியாசம் கால்வாசி மட்டும்தான். இரண்டும் சரியான கணக்கே, முதலாவதுதான் விளம்பரத்துக்கு வருகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது ஏலமே கிடையாது, அதற்கு முன்னால் நடக்கும் கள ஆய்வுதான். விருப்பம் தெரிவித்து மூன்று வாரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். கையில் ஒரு அட்டை, தோளில் டேப், முழங்கால் வரை பூட்ஸ். பெரிய மரங்களை எண்ணினார், அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்தார். இளங்கன்றுகள் முளைத்திருக்கிறதா என்று புல்லை விலக்கிப் பார்த்தார். சருகு எவ்வளவு தடிமன் என்று பார்க்க விரலைச் செருகினார். நான் விறகுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த விழுந்த கட்டைகளை ஒவ்வொன்றாக நீளம் அளந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இதை எதற்கு அம்மா அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுக்கு அடியில யார் யார் குடியிருக்காங்கன்னு பார்க்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினார். ஒரு அரணை, நாலைந்து மரவட்டை, ஈரத்தில் வெள்ளையாகப் படர்ந்த பூஞ்சை. திரும்ப அதே இடத்தில் வைத்தார். இருபது வருடமாக என் கையில் இருக்கும் நிலம், அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் தனியாக ஐந்து கொடுக்கலாம். ஏலத்தில் தோற்றாலும் அந்த அறிவு நம்மிடமே தங்கிவிடுகிறது. முதல் முறை தோற்ற பிறகு அந்தக் கட்டைகளை நான் எரிக்கவில்லை.

(தோற்றவர்களும் இப்படித் தாமாகவே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தால் அவர்களுக்குப் பணம் கொடுக்காமலேயே காரியம் முடிந்துவிட்டதே என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிப்பு வரவில்லை.)

போகும்போது அந்த அதிகாரி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்: இந்த எல்லையில் வேலி, இந்தக் களை ஒழிப்பு, கட்டைகளை எடுக்கக் கூடாது, கால்நடை உள்ளே வரக் கூடாது. எதை ஏற்கிறோம், எதை விடுகிறோம் என்பது நம் விருப்பம். இயற்கைக்கு வரும் நன்மைக்கு அவர்கள் போடும் மதிப்பெண் அதற்கேற்ப மாறும். அந்த மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டேன், சொல்லக் கூடாது என்றார்.

இங்கேதான் என் முதல் குறை. நான் விற்கிற பொருளின் தரம் வாங்குபவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தோற்ற கடுப்பில் தேடிப் படித்தபோதுதான் இது வேண்டுமென்றே செய்வது என்று புரிந்தது. புஷ்டெண்டரிலும் இதே கதைதான், நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொன்னார்கள், அந்த இடம் எவ்வளவு அரியது என்கிற மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஆட்களை உட்கார வைத்து இதே ஏலத்தை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் நிலத்தின் மதிப்பு தெரியாதவர்கள் செலவுக்கு நெருக்கமாகக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் அதைக் காட்டி ஏற்றிக் கேட்கிறார்கள். வாங்குபவருக்கு மறைப்பது லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் அரிய செடி ஒன்று என் நிலத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்து, அதை எனக்குச் சொல்லாமல் இருந்தால், அடுத்த வருடம் நான் தெரியாமல் அதன்மேல் டிராக்டர் ஓட்டமாட்டேன் என்று என்ன நிச்சயம்?

மறைப்பதிலும் ஒரு கெட்டித்தனம் வேண்டும், அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 1985 வேளாண் சட்டத்தில் வந்த சிஆர்பி (கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்) என்கிற பெரிய திட்டம். அரிப்பு அதிகமுள்ள பயிர் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகள் சாகுபடி செய்யாமல் புல்லோ மரமோ வளர்த்தால் ஆண்டு வாடகை தருவார்கள். 2007இல் சுமார் 3.68 கோடி ஏக்கர் வரை போனது. ஆரம்பச் சுற்றுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உச்ச வாடகையை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே கேட்ட தகுதியான நிலங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். விவசாயிகள் என்ன சின்னப்பிள்ளைகளா? சில சுற்றுகளிலேயே அந்த உச்சம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அப்புறம் கேட்புகள் எல்லாம் அந்த எண்ணை ஒட்டியே வந்து குவிந்தன. பேருக்கு ஏலம், உள்ளே ஒரே விலை. 1990 சட்டத்துக்குப் பிறகுதான் சுற்றுச்சூழல் பயன் குறியீடு என்று மதிப்பெண் முறை வந்தது. இப்போதைய வடிவத்தில் காட்டுயிர், நீர், மண் அரிப்பு, காற்று, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பயன் நிற்குமா என்பது, அப்புறம் செலவு, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு, செலவுக்கானது தவிர மற்றப் புள்ளிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. எதை நட்டால் எவ்வளவு கூடும் என்று பார்த்து விவசாயி தன் கேட்பைத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு இந்த வெளிப்படைதான் பிடித்திருக்கிறது, கொஞ்சம் பணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்பேன், ஆனால் நான் விற்கிற பக்கத்து ஆள், அப்படித்தான் சொல்வேன்.

இரண்டாவது குறை, விலை எழுதுவது. இதைக் குறைத்து நினைத்துவிடாதீர்கள். மூன்று இரவு உட்கார்ந்தேன். வேலிக்கு மூங்கிலா கம்பியா, கூலி எத்தனை நாள், மேய்ச்சல் போவதால் தீவனம் எவ்வளவு வாங்க வேண்டும், இதெல்லாம் எழுதினேன். என் சொந்த உழைப்புக்குக் கூலி எழுதக் கை கூசியது, முதலில் பூஜ்யம் போட்டேன், அப்புறம் பாதி போட்டேன். முதல் முறை எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் கொஞ்சம் லாபமும் வைத்துக் கேட்டேன், கிடைக்கவில்லை. இரண்டாவது முறை லாபத்தைக் கழித்துவிட்டு, ஓடையின் மறுகரையையும் சேர்த்து எழுதினேன், கிடைத்தது. கிடைத்த சந்தோஷம் முதல் மழை வரைதான். மாடு மேய்வது நின்றதும் இத்தனை வருடம் அவை கடித்து அடக்கி வைத்திருந்த களைப்புல் இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது. அதைப் பிடுங்க ஆன கூலி என் கணக்கிலேயே இல்லை. செலவைக் குறைத்து மதிப்பிட்ட ஆளுக்குத்தான் இந்த மாதிரி ஏலம் கிடைக்கும் என்று பின்னால் ஒருவர் சொன்னார், எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஐந்தாறு வருட ஒப்பந்தம் என்றால் இரண்டாம் வருடத்தின் களையை நினைத்து விலை எழுதுங்கள்.

ஜெயித்தவர்களுக்கு எவ்வளவு தருவது என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அவரவர் கேட்டதை அவரவருக்குத் தருவது. எங்களுக்கு நடந்தது இதுதான், அதனால் எனக்கு ஒரு தொகை, பக்கத்து நிலத்து அண்ணனுக்கு ஏக்கருக்கு என்னைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அவர் கூட்டிக் கேட்டார், அவர் நிலம் இன்னும் நல்ல நிலம், கிடைத்தது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் ஒரே வேலை, ஒரே களை, ஒரே வேலி. மனதில் உறுத்தத்தான் செய்கிறது. இன்னொரு வழி, ஜெயித்த எல்லாருக்கும் ஒரே விலை, கடைசியாக உள்ளே வந்தவரை ஒட்டிய விலை. அதில் குறைத்துக் கேட்டவர் ஏமாந்தவராக ஆகமாட்டார், அதனால் உண்மையான செலவை எழுதப் பயம் இருக்காது. இந்தோனேசியாவின் சும்பர் ஜயாவில் காபி விவசாயிகளிடம் மண் பாதுகாப்பு வேலைக்கு நடத்திய ஏலத்தில் இப்படித்தான் செய்தார்கள், பழகிக்கொள்ள முதலில் சில ஒத்திகைச் சுற்றுகள், கடைசிச் சுற்று மட்டும் நிஜம். ஒத்திகை என்பது நல்ல யோசனை. எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தக் களைப்புல் செலவு எங்கேயாவது ஒரு சுற்றில் யாராவது வாயிலிருந்து வந்திருக்கும்.

சுற்றுச் சுற்றாக நடத்துவதில் இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், ஃபிளின்ட் ஆற்றுப் படுகை, 2001 மார்ச். கடும் வறட்சி, ஆற்றில் தண்ணீர் வற்றிவிடக் கூடாது, அதனால் அந்த ஒரு வருடம் பாசனம் செய்யாமல் இருக்க விவசாயிகளுக்குப் பணம். எட்டு இடங்களில் விவசாயிகள் கூடினார்கள், கேட்புகளைக் கணினி வழியாக ஒன்று சேர்த்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் யார் உள்ளே யார் வெளியே என்று சொன்னார்கள், வெளியே நின்றவர் குறைத்துக் கேட்கலாம், எந்தச் சுற்றோடு நிறுத்துவார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கடைசியில் சுமார் 33,000 ஏக்கர், ஏக்கருக்குச் சராசரி 136 டாலர் அளவில் முடிந்தது. ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாரும் பேசி வைத்து ஒரே தொகை எழுதமாட்டார்களா என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கிறது, அதனால்தான் முன்னாலேயே பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஏலத்தில் உறை கொடுக்கும் முந்தைய வாரம் டீக்கடையில் பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிடித்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வெறும் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஏலம் விலையை மட்டும் கண்டுபிடிப்பதில்லை, ஆளையும் கண்டுபிடிக்கிறது. மலாவியில் மரம் நடும் ஒப்பந்தத்தை ஒரு பகுதியினருக்கு ஏலத்திலும் இன்னொரு பகுதியினருக்குக் குலுக்கலிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் ஏலத்தில் வந்தவர்கள் கூடுதல் மரங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்பவர் அரைகுறையாக வேலை செய்வார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறைந்த விலை கேட்பவர் பெரும்பாலும் அந்த வேலை தனக்கு வரும், தன் நிலத்துக்குப் பொருந்தும் என்று தெரிந்தவர் போலிருக்கிறது.

இன்னொன்று, குறுகிய கால வேலைகளுக்கு இந்த முறை அபாரமாகப் பொருந்துகிறது. கலிஃபோர்னியாவில் 2014இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு ஆரம்பித்த பேர்ட்ரிட்டர்ன்ஸ் திட்டத்தில், வலசை வரும் கரைப்பறவைகளுக்காக நெல் வயலில் சில வாரம் கணுக்கால் அளவுக்கும் குறைவாகத் தண்ணீர் நிறுத்தி வைக்க விவசாயிகளிடம் ஏலத்தில் விலை கேட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த தகவல்களிலிருந்து எந்தப் பகுதிக்கு எந்த வாரம் பறவை வரும் என்று தெரியும், அந்த வாரத்துக்கு மட்டும் பணம். நிலத்தை வாங்கவும் வேண்டாம், வருடம் முழுக்க வாடகையும் வேண்டாம். இங்கிலாந்தில் பூல் துறைமுகத்துக்கு ஓடும் தண்ணீரில் நைட்ரேட் கலக்காமல் இருக்க, அறுவடைக்குப் பிறகு மண்ணை வெறுமையாக விடாமல் மூடுபயிர் போடச் சொல்லி வெசெக்ஸ் வாட்டர் நிறுவனம் இணையத்திலேயே இப்படி ஏலம் நடத்தியது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதைவிட விவசாயிக்குக் கொடுப்பது மலிவு, அவ்வளவுதான்.

என் நிலம் மாதிரி நீண்ட கால வேலைக்கு எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு காரணம், ஏலம் தனித்தனி நிலத்தைப் பார்க்கிறது. ஓடைக்கரை நீளமாக ஒரே தொடராக இருந்தால்தான் பயன், நடுவில் ஒருவர் தோற்றுவிட்டால் அந்த இடத்தில் மாடு இறங்கிக் கலக்குகிறது, கீழே இருக்கும் எனக்குச் சேறு வருகிறது. பக்கத்து நிலமும் சேர்ந்து வந்தால் கூடுதல் புள்ளி என்று சில இடங்களில் வைக்கிறார்களாம், இங்கே இல்லை. இன்னொரு காரணம், சுற்றுகள் கூடக்கூட ஆட்கள் தேறிவிடுகிறார்கள். ஆய்வகச் சோதனைகளிலும் இதையே பார்த்திருக்கிறார்கள், முதல் சுற்றில் ஒரே விலைத் திட்டத்தைவிட நன்றாக நடக்கும் ஏலம் திரும்பத் திரும்ப நடத்தும்போது அந்த அனுகூலத்தை இழக்கிறது. நானே சாட்சி. அடுத்த சுற்று வந்தால் போன தடவை யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரிந்துகொண்டுதான் உறையை ஒட்டுவேன். இரண்டு மூன்று சுற்று நடத்தி விலையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் நேர்மையாக ஒரு விலையை அறிவித்துவிடலாம் என்பது என் கட்சி.

பணம் வருவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். கையெழுத்தானதும் ஒரு பங்கு, மீதி வருடா வருடம் நாம் அனுப்பும் அறிக்கையையும் படங்களையும் பார்த்து. ஒழுங்காக வந்தது, போன வருடத்தைத் தவிர. போன வருடம் காற்றில் ஒரு மரம் வேலிமேல் விழுந்து, நான் ஊரில் இல்லாத நாலு நாளில் மாடுகள் உள்ளே போய்விட்டன. நானே படம் எடுத்து நானே சொன்னேன். தவணையை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில், இயற்கை இடர்ப்பாடு நேர்ந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. நான் தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராதாம். விழுந்த மரத்தை அறுத்து எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கக் கூடாது, அது இப்போது விழுந்த கட்டை, அடுத்த ஆய்வில் அளப்போம் என்றார்கள். வேலியை மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறேன், அந்தச் செலவும் என் கணக்கில்தான்.